மகளுக்கு ஹீமோகுளோபின் 9.1: மாத்திரையா, முருங்கைக்கீரையா?

பதினான்கு வயது மகளுக்குப் பள்ளி முகாமில் ஹீமோகுளோபின் 9.1 என்று வந்ததாகவும், மருத்துவர் தந்த இரும்புச்சத்து மாத்திரையை நான்கு நாள் சாப்பிட்டதில் வயிறு புரட்டி மலமும் கறுத்துப் போனதால் நிறுத்திவிட்டதாகவும், “மாத்திரை சூடு, பேரீச்சையும் பீட்ரூட்டும் முருங்கைக்கீரையும் கொடுத்தாலே ரத்தம் ஊறிவிடும்” என்று உங்கள் மாமியார் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உணவு மட்டுமே போதுமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த நிலையில் போதாது. உணவு இனிமேல் குறையாமல் காக்கும். ஏற்கெனவே விழுந்துவிட்ட பள்ளத்தை நிரப்ப மருந்து வேண்டும். ஆனால் அந்த மருந்தை வயிற்றைப் புரட்டாமல் சாப்பிடவும் வழியிருக்கிறது, உங்கள் வீட்டுச் சமையலிலிருந்தே இப்போது கிடைப்பதைவிடக் கூடுதலாக இரும்பை எடுத்துக்கொள்ளவும் வழியிருக்கிறது. இரண்டையும் விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். பன்னிரண்டு வயதைக் கடந்த பெண்ணுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்றும், 8 முதல் 10.9 வரை நடுத்தரச் சோகை என்றும் உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. ஆகவே 9.1 என்பது பதற்றப்பட வேண்டிய எண் அல்ல, தள்ளிப்போடக்கூடிய எண்ணும் அல்ல. இது உங்கள் வீட்டில் மட்டும் நேர்ந்த குறையும் அல்ல. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் சோகையுள்ளவர்கள். தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள். எனினும் முகாம்களில் பெரும்பாலும் விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒரு துளியில்தான் சோதிக்கிறார்கள். விரலை அழுத்திப் பிழிந்தால் அந்த அளவு சற்று மாறிவிடும். எனவே கைநரம்பில் ரத்தம் எடுத்து ‘சி.பி.சி.’ என்று சொல்லப்படும் முழு ரத்த அணுச் சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள். செலவு அதிகமில்லாத இந்தச் சோதனையில் கிடைக்கும் மற்ற எண்களும் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

உணவு ஏன் போதாது என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். உங்கள் மகளின் எடை 45 கிலோ என்று வைத்துக்கொண்டால் உடலில் ஏறக்குறைய 3 லிட்டர் ரத்தம் இருக்கும். ஹீமோகுளோபின் 9இலிருந்து 12க்கு வர வேண்டுமானால் ஒவ்வொரு டெசிலிட்டருக்கும் 3 கிராம் வீதம் மொத்தம் 90 கிராம் ஹீமோகுளோபினை உடல் புதிதாகச் செய்தாக வேண்டும். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆக, 300 மில்லிகிராம் இரும்பு வேண்டும். கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் இருக்க வேண்டிய சேமிப்பு இந்த நிலையில் அநேகமாகத் தீர்ந்துபோயிருக்கும் என்பதால் அதை நிரப்ப இன்னும் சில நூறு மில்லிகிராம் தேவை. சாதம், கீரை, பருப்பு என்று நாம் சாப்பிடும் வழக்கமான உணவிலிருந்து நாளொன்றுக்கு உடலுக்குள் சேர்வது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மாதவிடாய் வரும் பெண்ணின் அன்றாட இழப்பை ஈடுகட்டவே அது சரியாகப் போய்விடுகிறது. வளரும் வயதில் ரத்தத்தின் கொள்ளளவும் தசையும் கூடிக்கொண்டே போவதால், அந்தச் செலவுக்குக்கூட அது முழுமையாகப் போதுவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 13 முதல் 15 வயதுப் பெண்களுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் இரும்புள்ள உணவைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் இதுதான். அவ்வளவு சாப்பிட்டால்தான் சிறு பங்காவது ரத்தத்தில் சேரும்.

இப்போது பேரீச்சம்பழத்துக்கு வருவோம். தாராளமாகவே கணக்கிட்டு, 100 கிராமில் 3 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, அதில் பத்தில் ஒரு பங்கு உடலில் சேர்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 300 மில்லிகிராம் சேர 100 கிலோ பேரீச்சை வேண்டும். நாளைக்கு நான்கு பழம் என்ற கணக்கில் அது ஏழெட்டு ஆண்டு வேலை. பீட்ரூட்டிலும் மாதுளையிலும் இரும்பு இதைவிடக் குறைவு. 100 கிராமில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. பீட்ரூட்டின் சிவப்பு பீட்டாலெய்ன் என்ற தாவர நிறமியால் வருவது, மாதுளையின் சிவப்பு ஆந்தோசயனினால் வருவது. இரண்டுக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் உறவில்லை. இவற்றைத் தர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நல்ல பழமும் காயும்தான். ஆனால் சர்க்கரை போட்ட பீட்ரூட் சாற்றை ரத்தம் ஊறும் மருந்தாக நம்பி மூன்று மாதத்தைக் கழித்துவிடுவதுதான் கெடுதல்.

முருங்கைக்கீரை விஷயத்தில் உங்கள் மாமியார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பச்சை முருங்கைக்கீரை 100 கிராமில் நான்கு மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உண்டு; முளைக்கீரை, அரைக்கீரை போன்றவையும் நல்லவையே. ஆனால் கீரையில் இருப்பது, இறைச்சியில் உள்ள ‘ஹீம்’ வகையைச் சேராத இரும்பு. அதில் உடல் எடுத்துக்கொள்வது, கூடச் சேரும் உணவைப் பொறுத்து, நூற்றுக்கு இரண்டு முதல் இருபது பங்கு வரை ஏறி இறங்கும். இன்னொன்று, இப்போது கடைகளில் ‘பசலைக்கீரையைவிட இருபத்தைந்து மடங்கு இரும்பு’ என்று விளம்பரத்தோடு முருங்கை இலைப் பொடி விற்கிறார்கள். நீர் வற்றிய பொடியை நீர் நிறைந்த பச்சைக் கீரையோடு எடைக்கு எடை ஒப்பிட்டால் எந்த இலைக்கும் அப்படி ஒரு பெருக்கம் வரும். ஒரு தேக்கரண்டிப் பொடி சில கிராம்தான். அந்த விலைக்குத் தினம் ஒரு கட்டுக் கீரை வாங்கிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை அசைவம் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் கறிக்கடையில் ஈரலும் சுவரொட்டியும் கேட்டு வாங்குங்கள். சோகைக்குச் சுவரொட்டி நல்லது என்று கிராமத்தில் சொல்வது வெறும் நம்பிக்கையல்ல. ஆட்டின் மண்ணீரலான அதில் 100 கிராமுக்கு 40 மில்லிகிராமை ஒட்டிய இரும்பு இருக்கிறது, ஈரலைவிட அது பல மடங்கு. அதோடு, இறைச்சியிலுள்ள ஹீம் வகை இரும்பில் நூற்றுக்கு 15 முதல் 35 பங்கு வரை உடலில் சேரும். தேநீர் அதை அவ்வளவாகத் தடுப்பதுமில்லை. கறியோ மீனோ சிறிதளவு தட்டில் இருந்தாலே, கூடச் சாப்பிடும் கீரையிலிருந்தும் பருப்பிலிருந்தும் கிடைக்கும் இரும்பின் சேர்மானம் கூடுகிறது என்பது இன்னொரு நன்மை. முழுச் சைவக் குடும்பங்களுக்குக் கொள்ளு, கம்பு, எள், கொண்டைக்கடலை, கேழ்வரகு ஆகியவை கைகொடுக்கும். கம்பில் அரிசியைப்போலப் பல மடங்கு இரும்பு இருக்கிறது.

என்ன சாப்பிடுகிறோம் என்பதைவிட எதோடு சேர்த்துச் சாப்பிடுகிறோம் என்பதில்தான் நம் வீடுகளில் அதிகம் கோட்டை விடுகிறோம். காலையில் இட்லியோடு ஒரு டம்ளர் டீ என்பது உங்கள் மகளின் வழக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள்; நான் முதலில் மாற்றச் சொல்வது அதைத்தான். தேநீரிலுள்ள பாலிஃபீனால்கள் குடலில் இரும்போடு ஒட்டிக்கொண்டு கரையாத பொருளாக மாறிவிடுகின்றன. 1983இல் வெளியான ஓர் ஆய்வில், உணவோடு குடித்த டீ இரும்பு சேர்வதை 64 விழுக்காடும் காபி 39 விழுக்காடும் குறைத்தன. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே குடித்த காபியால் குறைவு ஏற்படவில்லை, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோதோ, சேர்த்துக் குடித்ததற்கு நிகரான இழப்பு. ஆகவே டீயை அறவே நிறுத்தச் சொல்லி ஒரு பதின்வயதுப் பெண்ணோடு தினமும் சண்டையிட வேண்டாம். எழுந்ததும் குடிக்கட்டும், ஒரு மணி நேரம் கழித்துப் பலகாரம் சாப்பிடட்டும். மாலையில் இரண்டு உணவுகளுக்கு நடுவில் குடிக்கட்டும்.

தேநீருக்கு நேர்மாறாக வேலை செய்வது வைட்டமின் சி. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை மூன்றும் நம்மூரில் மலிவாகவே கிடைப்பவை. கீரையும் பருப்பும் சாப்பிடும் வேளையில் பாதி எலுமிச்சையைப் பிழிந்துகொள்வதோ, சாப்பிட்டவுடன் ஒரு கொய்யாவைக் கடித்துச் சாப்பிடுவதோ தனியாக ஒரு வேளை நெல்லிக்காய் சாப்பிடுவதைவிடப் பயன் தரும், ஏனெனில் இரும்பும் வைட்டமின் சியும் ஒரே நேரத்தில் குடலில் இருக்க வேண்டும். கொதிக்கவிட்டால் இந்த வைட்டமின் பெருமளவு அழிந்துவிடும் என்பதால் அடுப்பை அணைத்த பிறகே எலுமிச்சையைப் பிழியுங்கள். தானியத்திலும் பருப்பிலும் உள்ள ஃபைட்டேட் என்ற பொருளும் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இட்லி மாவைப் புளிக்கவைப்பதும், பயறை முளைகட்டுவதும் அதைக் குறைக்கும். அந்த வகையில் இட்லியும் தோசையும் நல்ல உணவுகளே, பக்கத்திலிருக்கும் டம்ளர்தான் சிக்கல். தயிரிலும் பாலிலும் உள்ள கால்சியமும் ஓரளவு தடுக்கும் என்பதால், கீரை ஒரு வேளை, தயிர் இன்னொரு வேளை என்று பிரித்துக்கொள்ளலாம். இதில் அவ்வளவு கண்டிப்பு தேவையில்லை. பரணில் கிடக்கும் இருப்புச்சட்டியை இறக்கி, வத்தக்குழம்பையோ காரக்குழம்பையோ அதில் கொதிக்கவிட்டால், புளியின் அமிலம் சட்டியிலிருந்து கொஞ்சம் இரும்பைக் கரைத்துக் குழம்பில் சேர்க்கும். இவற்றையெல்லாம் செய்தாலும் மாத்திரை வேண்டாம் என்றாகிவிடாது. மாத்திரையை நிறுத்திய பிறகு மறுபடி எண் சரியாமல் இருப்பதற்குத்தான் இவை.

மாத்திரைக்கு வருகிறேன். மலம் கறுப்பது எதிர்பார்க்க வேண்டியதே. உடலில் சேராத இரும்பு வெளியேறும் நிறம் அது. அதற்காக நிறுத்த வேண்டியதில்லை. தாரைப்போல ஒட்டும், துர்நாற்றமுள்ள மலம் போனாலோ வயிற்றுவலி கடுமையாக இருந்தாலோ மட்டும் மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும். குமட்டலும் மலச்சிக்கலும் உண்மையான தொல்லைகளே. ‘சூடு’ என்று உங்கள் மாமியார் சொல்வது இந்த எரிச்சலைத்தான் என்று எடுத்துக்கொண்டால், அவரோடு வாதிடாமல் எரிச்சலைக் குறைப்பதில் கவனம் செலுத்தலாம். வெறும் வயிற்றில் சாப்பிட்டால்தான் அதிகம் சேரும் என்பது உண்மை, ஆனால் புரட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிடுவதைவிட, சிறிது உணவுக்குப் பின் எலுமிச்சைச் சாற்றோடு விழுங்குவது எவ்வளவோ மேல். பலருக்கு இரவு உணவுக்குப் பின் படுக்கப்போகும்போது எடுத்துக்கொண்டால் குமட்டல் தெரிவதில்லை. பாலோடும் டீயோடும் விழுங்கக் கூடாது. கால்சியம் மாத்திரையோ அமிலம் குறைக்கும் மருந்தோ சாப்பிட்டால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

இதற்கும் மேலாக, உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: ஒருநாள் விட்டு ஒருநாள் தரலாமா என்பது. இரும்பு போதிய அளவில் உள்ளே வந்ததும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, குடல் மேலும் இரும்பை உள்ளே விடாதபடி ஏறக்குறைய ஒரு நாள் அடைத்துவைக்கிறது. அதனால் மறுநாள் விழுங்கும் மாத்திரையில் பெரும்பங்கு வீணாகி, வயிற்றைத்தான் தொல்லைப்படுத்துகிறது. சுவிட்சர்லாந்தில் இரும்புச் சேமிப்புக் குறைந்த இளம்பெண்களிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் எடுத்தவர்களுக்கு மாத்திரையிலுள்ள இரும்பில் 16 விழுக்காடும், ஒருநாள் விட்டு எடுத்தவர்களுக்கு 22 விழுக்காடும் சேர்ந்தன. அவர்கள் சோகை முற்றாதவர்கள் என்பதால் உங்கள் மகளுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் அறுதியிட மாட்டேன். எனினும் தினமும் தாங்க முடியாதவர்களுக்கு இது நல்ல மாற்றுவழி. ஃபெரஸ் சல்ஃபேட் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஃபெரஸ் ஃபியூமரேட், ஃபெரஸ் அஸ்கார்பேட் போன்ற வேறு உப்புகளும் இருக்கின்றன. அட்டையில் உப்பின் எடையைப் பார்க்காமல், அதிலுள்ள தனி இரும்பு எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையைத்தான் சாப்பிடுகிறாளே என்று நினைத்துவிட வேண்டாம். 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட அது, சோகை வராமல் தடுப்பதற்கானது; வந்துவிட்ட சோகையைத் தீர்க்கும் அளவு அல்ல.

இவ்வளவு சொன்னாலும், இரும்பு எங்கே போனது என்று தேடாமல் மாத்திரை மட்டும் தந்துகொண்டிருந்தால் ஓராண்டில் மறுபடி இதே எண்ணில் வந்து நிற்பீர்கள். இந்த வயதில் முதல் சந்தேகம் மாதவிடாய்தான். ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறதா, ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா, பெரிய கட்டிகளாகப் போகிறதா, இரவில் படுக்கை நனைகிறதா என்று மகளிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு போகிறது என்பதை நினைத்தால், மாதந்தோறும் 80 மில்லிலிட்டருக்கு மேல் இழப்பவள் எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் ஈடாகாது என்பது புரியும். பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் இப்படி அதிகமாகப் போவது அரிதல்ல, அதற்கு மருத்துவமும் உண்டு. ‘பெண் என்றால் அப்படித்தான்’ என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு இதை விட்டுவிடாதீர்கள். மூக்கிலோ ஈறிலோ அடிக்கடி ரத்தம் வடியும் வழக்கமும் இருந்தால், ரத்தம் உறைவதில் குறை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கொக்கிப்புழு. குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் இப்புழு, வெறுங்காலோடு ஈர மண்ணில் நடக்கும்போது தோலைத் துளைத்து உள்ளே வருகிறது. பள்ளிகளில் தரும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரையைக் கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்று பார்த்து, ஆறு மாதத்துக்கு மேலாகியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சி.பி.சி. அறிக்கையில் எம்.சி.வி. என்ற எண்ணைப் பாருங்கள். சிவப்பணுவின் பருமனை அது காட்டும். இரும்புக் குறையில் அணு சிறுத்து எண் 80க்குக் கீழே போகும். 100க்கு மேலே ஏறியிருந்தால் சிக்கல் இரும்பில் இல்லாமல் வைட்டமின் பி12இலோ ஃபோலேட்டிலோ இருக்கலாம். பாலும் முட்டையும் குறைவாகச் சாப்பிடும் சைவக் குடும்பங்களில் இது உண்டு. இரண்டு குறைகளும் சேர்ந்திருந்தால் எண் நடுவில் நின்று ஏமாற்றும். மாறாக, அணுக்கள் மிகச் சிறியவையாக இருந்தும் அவற்றின் எண்ணிக்கை குறையாமல் இருந்தால், ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரைக் குறையான தலசீமியாவின் சாயல் பெற்றோர் வழியில் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு இரும்புக் குறையும் சேர்ந்திருந்தால் மட்டுமே மாத்திரை பயன் தரும். ஃபெரிட்டின் என்ற சோதனை உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவதால், ஐயம் இருந்தால் அதையும் ஒருமுறை எடுத்துவிடலாம். 15க்குக் கீழே இருந்தால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். காய்ச்சலோ சளியோ இருக்கும்போது எடுத்தால் அது பொய்யாக உயர்ந்து காட்டும்.

பச்சரிசியை மென்றுகொண்டிருக்கிறாளா, சாக்பீஸ், திருநீறு, மண், ஐஸ்கட்டி இவற்றில் எதையாவது ஆசையாகத் தின்கிறாளா என்பதையும் கவனியுங்கள். இது திருட்டுத்தனமோ கெட்ட பழக்கமோ அல்ல. இரும்பு குறைந்த பலருக்கு வரும் ஓர் அறிகுறி. இரும்பு ஏறத் தொடங்கியதும் பெரும்பாலும் தானாகவே போய்விடும். திட்டினால் ஒளித்துத் தின்பாளே ஒழிய நிறுத்த மாட்டாள்.

ரேஷன் அரிசியைப் பற்றியும் ஒரு வரி. அதில் சற்று வேறு நிறத்தில் தெரியும் மணிகளைப் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றைச் சேர்த்து அரிசி வடிவில் செய்து, நூற்றுக்கு ஒன்று வீதம் கலந்த மணிகள் அவை. நிறைய நீரில் வேகவைத்து வடித்துக் கொட்டாமல், அளவாகத் தண்ணீர் வைத்து வேகவைத்தால் நல்லது. ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கும் தலசீமியா நோயாளிகள் வீட்டில் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாத்திரையை மறுபடி தொடங்கி நான்கு வாரம் கழித்து ஹீமோகுளோபினைச் சோதியுங்கள். ஒழுங்காகச் சேர்ந்தால் அதற்குள் ஒன்று முதல் இரண்டு கிராம் வரை ஏறியிருக்க வேண்டும். ஏறவே இல்லையென்றால் அளவைக் கூட்டிக்கொண்டே போகாமல், காரணத்தைத் தேடுவதற்கான நேரம் அது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 12ஐத் தொட்டதும் நிறுத்திவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. சேமிப்பு நிரம்ப அதற்குப் பிறகும் ஏறத்தாழ மூன்று மாதம் தொடர வேண்டும். படியேறும்போது மூச்சு வாங்குவது, நிற்கும்போது மயங்கி விழுவது, ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சு படபடப்பது இவற்றில் ஏதாவது இருந்தால், அடுத்த சோதனைக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை வந்துபோனால் அட்டையைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். மிட்டாய் போலத் தெரியும் இந்த மாத்திரைகளில் சிலவற்றைச் சேர்த்து விழுங்கினாலே ஒரு சிறு குழந்தைக்கு உயிராபத்து. அப்படியே, மகளுக்கு ரத்தம் எடுக்கும் அன்று நீங்களும் கையை நீட்டுங்கள். ஒரே அடுப்பில் சாப்பிட்டு, அதே போல மாதந்தோறும் ரத்தம் இழப்பவர் நீங்களும்தான்.